ஒரு எழுத்துக்கு இடம் விட்ட கல்

கல்லில் எழுத்து வெட்டுகிற தொழிலில் றப்பர் நிறையப் பாவிப்போம். ஆனால் அந்த றப்பரால் எதையும் அழிக்க ஏலாது. பாஷை தெரியாத வேலைத்தலத்தில் தலையை மட்டும் ஆட்டிச் சம்பளம் வாங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒன்பது வருடம், மொன்றியலில் லாசால் பக்கம், ஒரு கார்க் கராஜுக்கும் ஒரு மூலைக்கடைக்கும் நடுவில் இருந்த கல்லறைக்கல் பட்டறையில் நான் சீன எழுத்து வெட்டினேன். சேர்ந்த நாளில் எனக்கு ஒரு சீன எழுத்தும் தெரியாது. விட்ட நாளிலும் நிலைமை பெரிதாக முன்னேறவில்லை. ஆனால் மொன்றியல் தீவில் புதைத்த சீனர்களில் பாதிப்பேரின் பெயர் என் கையால் போனது. மற்றப் பாதியைப் பற்றிக் கேட்டாலும் நான்தான் என்று சொல்லுவேன். எழும்பி வந்து மறுக்கவா போகிறார்கள்?

வேலை இதுதான். கல்லின் மேல் தடித்த றப்பர் தகடு ஒட்டியிருக்கும். மெஷின் அதில் எழுத்தின் ஓரங்களை வெட்டித் தரும். நான் கத்தி முனையால் எழுத்தை மட்டும் உரித்தெடுப்பேன். பிறகு ரெஜான் என்ற கியூபெக்காரன் காற்றோடு மணலைப் பீச்சுவான். றப்பர் உள்ள இடம் தப்பும், உரித்த இடம் குழியும். முதலாளியின் பெயர் ஃபொங். அவரைப் பெரியவர் என்போம். அவருடைய தம்பி சின்னவர், கணினிக்குப் பொறுப்பு. எங்கள் நாலு பேருக்கும் பொதுவான பாஷை உடைந்த இங்கிலீஷும் கொஞ்சம் பிரெஞ்சும். இங்கே எல்லாரையும் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க விட்டிருக்கிறேன். அவர்களுக்கு இது தெரியாது.

நான் சொல்வது ஒரேயொரு குளிர்காலத்துக் கதை. அந்த ஒக்டோபரில் அண்ணன் தம்பி இருவரின் தாய் தொண்ணூறு தாண்டிக் காலமானா. அவவுக்கென்று நல்ல கறுப்புக் கல் எடுத்து, ஊர், பிறந்த நாள், இறந்த நாள், குடும்பப் பெயர் எல்லாம் வெட்டியாயிற்று. அவவின் பெயரான 'லான்' என்ற ஒற்றை எழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கிடந்தது. ஏப்ரலில் சீனர் குடும்பத்தோடு கல்லறைக்குப் போகிற நாள் வரும். அதற்குள் கல் நடவேண்டும். ஆனால் அந்த ஒரு எழுத்தினால்தான் அண்ணனும் தம்பியும் கதைப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு கடதாசி

முதலில் பெரியவர் வந்து என் மேசையில் ஒரு கடதாசி வைத்தார். பெரிய எழுத்து. மேலே புல், கீழே இரட்டைக் கதவு வாசல், வாசலுக்குள்ளே கிளை விட்ட மரம்போல ஒன்று. லான் என்றால் ஓர்கிட் பூ. "அப்பா அவவின்ரை உடுப்புப் பெட்டி மூடியிலை இப்பிடித்தான் எழுதி வைச்சவர். அதைப் பார்த்துத்தான் நான் வாசிக்கப் பழகினன். வெட்டு" என்றார். அவர் போனதும் சின்னவர் வந்து இன்னொரு கடதாசி வைத்தார். புல்லையும் காணவில்லை, வாசலையும் காணவில்லை. மேலே இரண்டு சின்னக் கீறு, கீழே படுக்கையாக மூன்று கோடு. அவ்வளவுதான்.

"இதுவும் லான்தான்" என்றார் சின்னவர். "அண்ணர் பதினேழு வயசிலை ஹொங்கொங் போயிட்டார். அப்பா சாகேக்கை எனக்கு நடக்கத் தெரியாது. அவரின்ரை எழுத்தை நான் கண்டதில்லை. பேந்துதான் அரசாங்கம் எழுத்துகளைச் சுருக்கினது. அப்ப நானும் அம்மாவும் ஒரே வருசம் படிச்சம். நான் பள்ளிக்கூடத்திலை, அவ வயல் வேலை முடிஞ்சு பெண்களுக்கு வைச்ச வகுப்பிலை. அந்தப் பழைய எழுத்தைக் காட்டினால் அம்மாவுக்குத் தன்ரை பெயரெண்டே தெரியாது."

நான் புத்திசாலித்தனமாக இரண்டையுமே றப்பரில் வெட்டி, பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். காலையில் பெரியவர் வந்து மூன்று கோட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். மத்தியானம் சின்னவர் வந்து புல்லையும் வாசலையும் திருப்பிவிடுவார். ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்த ரெஜான் என் காதுக்குள் சொன்னான்: "ஒருத்தியைப் புதைச்சிட்டு ரெண்டு பேருக்குக் கல்லுக் கேக்கினம்."

அரசனாகிய அம்மா

இந்த இழுபறியில் எனக்குத் தலை சுற்றி, நவம்பரில் ஒரு பிழை விட்டேன். இன்னொரு கிழவியின் கல். பெயரின் அர்த்தம் பச்சை மணிக்கல், சீனர் உயிராக மதிக்கிற கல். எழுத்து சுலபம்: மூன்று படுக்கைக் கோடு, நடுவில் ஒரு தூண், அடியில் ஒரு புள்ளி. புள்ளி விட்டால் என்ன நடக்கும் என்று தமிழனுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் அந்தப் புள்ளியை றப்பரில் ஒட்டிய தூசி என்று நினைத்து உரிக்காமல் விட்டேன். ரெஜான் மணல் பீச்சிவிட்டான்.

பார்க்க வந்த மகன்மார் மூன்று பேரும் கல்லின் முன் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புள்ளி இல்லாவிட்டால் அந்த எழுத்து 'அரசன்' ஆகிவிடுமாம். வேலை போச்சு என்று நினைத்தேன். பெரியவர் என்னை முறைத்த முறைப்பில் எனக்கே ஒரு கல் வெட்டவேண்டி வரும்போல இருந்தது. மூத்த மகன் தொண்டையைச் செருமினார். "அம்மா வீட்டிலை உண்மையிலேயே அப்பிடித்தான் இருந்தவ. இருந்தாலும் புள்ளியைப் போட்டு விடுங்கோ."

நான் சீனம் வாசித்த கதை

எங்கள் மாதா கோவில் ஆட்களுக்கு நான் சீனம் எழுதுகிறேன் என்றுதான் தெரியும். வாசிக்கவும் தெரியுமா என்று கேட்டார்கள். கேட்கிறவர்களை ஏமாற்றக்கூடாது என்பதால் ஓம் என்றேன். நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு பூசை முடிய ஆறு பேராக சைனா டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். மெனுவைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தவை ஆண்டு, மாதம், நாள், மகன், மகள், கல்லறை. செத்தவர்களுக்குப் பரிமாறுகிற கடை என்றால் சமாளித்திருப்பேன். நல்லகாலம், சுவரில் கலண்டர் தொங்கியது. அதன் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் சத்தமாக வாசித்தேன். பரிமாற வந்த பிள்ளை வாய் பிளந்து நின்றா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டறைச் சண்டை மனதில் கிடந்ததால், கைதுடைக்கும் கடதாசியில் மூன்று கோட்டு லானைக் கீறி, இது சரியா என்று கேட்டேன். "சரி, ஓர்கிட்" என்றா பிள்ளை. பின்னால் நின்ற காசாளர் கிழவர் பேனையைப் பறித்து, புல்லும் வாசலும் கீறி, "இதுதான் சரி" என்றார். குசினிக்குள்ளிருந்து ஒருவர் கரண்டியோடு வந்து பிள்ளையின் பக்கம் நின்றார். இன்னொருவர் கிழவரின் பக்கம் போனார். ஒரு மணித்தியாலமாக எங்களுக்குச் சூப் வரவில்லை. கடைசியில் எங்கள் பாடகர் குழு அந்தோனிப்பிள்ளை எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சூசையண்ணை, இனி வெளியிலை சாப்பிட வந்தால் பேனையை வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ."

சூரியன் பெட்டியான கதை

தை மாதம், வெளியே மூக்கு விறைக்கிற குளிரில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படிப்பித்து இளைப்பாறிய சீனர். மனைவிக்குக் கல். மனைவியின் பெயர் மிங். ஒரு சூரியனும் ஒரு சந்திரனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எங்கள் மெஷினில் சூரியன் குறுக்குக் கோடு போட்ட பெட்டி. சந்திரன் இரண்டு படி வைத்த ஏணி. அவருக்கு அது வேண்டாமாம். வெண்கலப் பாத்திரத்தில் எழுத்து வார்த்த பழங்காலத்துச் சாயலில், நடுவில் புள்ளி வைத்த வட்டச் சூரியனும் பிறைச் சந்திரனும் வேண்டும் என்று தானே வரைந்து கொண்டுவந்திருந்தார்.

வட்டம் சுத்தமாக உரிப்பது கரைச்சல். அதனால் அவரை மனம் மாற்ற ஒரு கதை விட்டேன். பழைய சீனத்தில் அரண்மனைக் கல்வெட்டுக்காரன் ஒருவன், என் முப்பாட்டன் முறை, மன்னாரில் முத்து விற்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவன், சூரியனை வட்டமாக வெட்டப் பஞ்சிப்பட்டுப் பெட்டியாக வெட்டினான்; அரசன் கேட்டபோது, சூரியனுக்குக் குளிருது, வீட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்றான்; அன்றிலிருந்து பெட்டிதான். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்திலை ஆமையோட்டிலையும் மாட்டெலும்பிலையும்தான் எழுத்துக் கீறினது. எலும்பிலை கத்தியாலை வட்டம் கீறிப்பார், நாலு வெட்டிலை பெட்டிதான் வரும். நீ சொன்னதிலை முப்பாட்டன் மட்டும்தான் பொய்" என்றார்.

இதைக் கேட்ட சின்னவர் என்னைப் பார்த்து, ஆனால் அண்ணருக்குக் கேட்க, "எழுத்து எப்பவும் மாறித்தான் வந்தது" என்றார். பெரியவர் ரெஜானைப் பார்த்து, ஆனால் தம்பிக்குக் கேட்க, "கையாலை மாறினது வேறை. கட்டளையாலை மாறினது வேறை" என்றார். ரெஜான் என்னைப் பார்த்தான். நான் வந்தவரைப் பார்த்து, ஐயா, உங்கள் பக்க நியாயம் என்ன என்று கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "அவ மண்ணுக்குள்ளை இருக்கிறா. அவவுக்கு வட்டமான சூரியன் வேணும். வேறை நியாயம் என்னட்டை இல்லை."

சிவப்புப் பெயர்

சீனர் கல்லில் புருசன் முந்திப் போனால் மனைவியின் பெயரையும் அப்போதே வெட்டிவிடுவார்கள். எங்கள் பட்டறை வழக்கம், போனவரின் பெயருக்குத் தங்க நிறம். இருப்பவரின் பெயருக்குச் சிவப்பு. நேரம் வரும்போது சிவப்பைத் தங்கமாக்குவோம். இது தெரியாத முதல் வருடத்தில், அழகாக இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் தங்கமே பூசி, மூன்று மனுசிமாரை உயிரோடு அனுப்பிவைத்தேன். மூன்று பேரும் நேரில் வந்து தாங்கள் இருப்பதை நிரூபித்துவிட்டுப் போனார்கள்.

அவர்களில் ஒருத்தி திருமதி சான். கைத்தடியோடு இரண்டு பஸ் மாறி வருடம் தவறாமல் மார்ச் தொடக்கத்தில் வருவா. வெயிலிலும் பனியிலும் தன் பெயரின் சிவப்பு மங்கிவிட்டது, திரும்பப் பூசவேண்டும் என்பா. வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அந்த வருடமும் வந்தா. போகிற வழியில், ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த முதலாளியின் தாயின் கல்லைக் கண்டு நின்றா. மேலிருந்து கீழே வாசித்தா. வெறுமையாக இருந்த இடத்துக்கு வந்ததும் தடியின் முனையால் அதைத் தொட்டா. அண்ணன் ஒரு மூலையில், தம்பி மறு மூலையில். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பொடியன்மார்மாதிரி நிலத்தைப் பார்த்தார்கள். "எனக்கு உயிர் இருக்கு, பெயரும் இருக்கு" என்றா திருமதி சான். "ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் இருந்தும் இவவுக்கு ஒண்டும் இல்லையோ?"

நான் சொன்ன ஒரே நல்ல பொய்

அன்று பின்னேரமே நான் காரியத்தில் இறங்கினேன். பொய் சொல்வதில் எனக்கு நீண்ட அனுபவம் இருந்தாலும், இது என்னுடைய தரத்துக்குச் சின்னது. பெரியவரிடம் போய், "சின்னவர் மனம் மாறிட்டார். அண்ணர் மூத்தவர், அவர் சொன்னபடியே புல்லும் வாசலும் வெட்டு எண்டார்" என்றேன். சின்னவரிடம் போய், "பெரியவர் மனம் மாறிட்டார். கடைசி மட்டும் அம்மாவோடை இருந்தவன் தம்பிதானே, மூண்டு கோடே வெட்டு எண்டார்" என்றேன். வென்றதாக நினைத்து எவராவது முந்தி ஒரு றப்பரைத் தருவார், வெட்டியபிறகு ஆர் என்ன செய்ய முடியும் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை பெரியவர் எனக்கு முந்தி வந்து ஆணியடியில் நின்றார். கையில் மூன்று கோடு. "தம்பி இவ்வளவு விட்டுக்குடுத்தால் நான் என்ன மிருகமோ? இதை வெட்டு" என்றார். நான் வாய் திறக்க முந்தி, பின்கதவால் சின்னவர் வந்து மற்ற றப்பரை எடுத்தார். "அண்ணர் இறங்கி வந்திட்டார். நான் ஏற வேண்டாமோ? இதை வெட்டு." அதோடு தொடங்கியது, அந்தக் குளிர்காலத்திலேயே பெரிய சண்டை. ஐந்து மாதம் கதைக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் கன்டொனீஸில் கொட்டியது. பாஷை தெரியாவிட்டாலும் கையாட்டத்தில் விளங்கியது: நீ சொன்னதுதான், இல்லை நீங்கள் சொன்னதுதான் என்று ஆளுக்கு ஆள் மற்றவரின் றப்பருக்காக மேசையில் குத்தினார்கள். ரெஜான் காதுமூடியைக் கழற்றிவிட்டு, இப்போது என்ன பிரச்சினை என்று கேட்டான். விட்டுக்கொடுக்கிறார்கள் என்றேன். திடீரென்று சத்தம் நின்றது. இரண்டு பேரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள். சின்னவர் கேட்டார்: "சூசை, நீ எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே பொய்யைத்தானே சொன்னனீ?"

ஹொங்கொங்குக்கு வந்த கடிதம்

நான் கோட்டை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒஃபிசுக்குள் போய், பெட்டகத்தைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தம்பியின் முன் விரித்தார். ஹொங்கொங்கில் வேலை செய்த காலத்தில் ஊரிலிருந்து வந்தது. அதற்கு முந்தி வந்த கடிதங்களெல்லாம் சந்தையடியில் காசுக்குக் கடிதம் எழுதுகிற ஒருவர் பழைய எழுத்தில் அழகாக எழுதியவை. இது பென்சில். எழுத்துகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்னவர் வாசித்து எங்களுக்கும் சொன்னார். பன்றி ஆறு குட்டி போட்டிருக்கிறது, தம்பிக்குக் காய்ச்சல் மாறிவிட்டது, இந்தக் கடிதத்தை நானே எழுதினேன். அடியில் பெயர். மூன்று கோடு.

"இது வந்த அண்டு எனக்கு வந்தது கோவம்" என்றார் பெரியவர். "அப்பா எழுதின பெயரை ஆரோ அழிச்சுப்போட்டாங்கள் எண்டுதான் கண்டன். அவவே எழுதினவ எண்டது எனக்கு அப்ப படேல்லை. நான் பதில் போட நாலு மாசம்." அந்த நாலு மாதமும் தாய் தபால்காரனைப் பார்த்து நின்ற வாசலில் சின்னவரும் நின்றிருப்பார். பிறகு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டி, மெஷினில் இருக்கிற எழுத்து வேண்டாம், இந்த எழுத்தையே எடு என்றார். பெரியவர் தலையாட்டினார். மற்ற றப்பரை ஆணியிலிருந்து எடுத்து, சுருட்டி, தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

கடிதத்தைக் கணினியில் ஏற்றிப் பெருப்பித்தேன். பென்சில் கோடு பெருத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓரமெல்லாம் பிசிறு. கடைசிக் கோடு வலப்பக்கம் மேலேறி, நுனியில் கை வழுக்கியதுபோல ஒரு வால். தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? பிசிறை வழித்து, வாலை நறுக்கி, கோட்டை மட்டம் பார்த்து நிமிர்த்தி, கடதாசியில் அச்செடுத்துக் கல்லில் ஒட்டி, பெருமையாக இருவரையும் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்கள். "நிமிர்த்தாதை" என்றார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லை. சொன்னபிறகுதான் தாங்களே கேட்டதுபோல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் திரும்பப் போய்ப் பிசிறோடும் வாலோடும் வெட்டினேன். உரித்து முடிக்க ஒரு நாள் போனது. ரெஜான், தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு மணல் பீச்சினான்.

பனி கரைந்து நிலம் இளகியதும், ஏப்ரல் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கல்லை நட்டோம். அண்ணனும் தம்பியும் ஒரே காரில் வந்தார்கள். கல்லில் மற்ற எழுத்தெல்லாம் இராணுவம்போல நேராக நிற்க, அந்த ஒன்று மட்டும் இப்போதுதான் எழுதிப் பழகுகிறவர் எழுதியதுபோல மேலேறி நின்றது. பிழை என்று யாரும் என் தலையில் கட்டிவிடக்கூடாதே என்று, கடைசிக் கோடு கோணல்தான், நான் முதலே சொன்னேன் என்றேன். பெரியவர் குனிந்து கைக்குட்டையால் அந்தக் கோட்டின் வாலைத் துடைத்தார். "அம்மா நேராத்தான் எழுதினவ, சூசை. கோணல் உன்ரை மெஷினிலை."

ஒன்பது வருடம் வெட்டியும் ஒரு வரி வாசிக்கப் பழகாததில் எனக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் அந்தச் சனங்களில் ஒருவரும் தங்கள் ஆட்களின் பெயரை எனக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.